குதிரையைப் பிடித்துக்கொண்டவன்

மூன்றாம் பாகம், நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
இளவரசன் இறங்குகிறான்.
யாரோ ஒருவன் கடிவாளத்தை வாங்கிக்கொள்கிறான்.
"குளிர் அதிகம் ஐயா, இது நிற்காது" என்கிறான்.
அவ்வளவுதான் அவன்.
அடுத்த வரியில் இளவரசன் படியேறிவிடுகிறான்,
கதையும் கூடவே ஏறிவிடுகிறது.

ஆனால் பெயர் இருக்கிறது அவனுக்கு: தெல்ஹமிர்.
வைக்காமலே விட்டிருக்கலாம்.
வைத்ததுதான் வினை.

லியெபாயாவில் ஒரே ஒரு ட்ராம் தடம்.
பதினான்கு வருடமாக நான் அதில் ஓட்டுகிறேன்.
கடைசி நிறுத்தத்தில் ஒன்பது நிமிடம் ஓய்வு.
பால்டிக் காற்று கண்ணாடியில் மணலை வாரி எறியும்.
அந்த ஒன்பது ஒன்பது நிமிடங்களில்,
பின்னிணைப்பில் பொடி எழுத்தில் கிடக்கும்
இருநூற்று முப்பது சொற்களை வைத்துக்கொண்டு
இல்லாத ஒருவனின் முப்பாட்டனைத் தேடினேன்.

தெல் என்றால் துறை, ஆறு கடக்கும் இடம்.
ஹமிர்? சொற்பட்டியலில் இல்லை.
ஹமீர் இருக்கிறது:
மூழ்கிப்போன நகரத்து மன்னர்களின் பட்டம்.
வடக்கே போகப் போக நெடில் குறுகும் என்று
உச்சரிப்புக் குறிப்பில் ஒற்றை வரி.
நெடில் குறுகியதா, ஆள் குறுகினானா?
அரியணை போய், ஊர் போய்,
கடைசியில் ஒரு மாத்திரையும் போய்
லாயத்து வாசலில் நிற்கிறான் துறைவேந்தன்.

அன்றைக்கு ட்ராமை இரண்டு நிமிடம் பிந்தி எடுத்தேன்.

"எழுதினவருக்குக் குதிரையைப் பிடிக்க
ஒரு ஆள் வேண்டியிருந்தது, ஆவுஸ்மா"
என்றான் பணிமனை இல்க்வார்ஸ்,
கிரீஸ் கையோடு கருப்பு ரொட்டியைப் பிட்டபடி.
அந்தக் குதிரைக்கு ஏழு தலைமுறை
அச்சடித்திருக்கிறார்கள் தெரியுமா, என்றேன்.
தாய்வழி தனியாக.
மென்றுகொண்டே இருந்தான்.

பிறகு ஒரு பிப்ரவரி இரவு
பதத்தை வேறு இடத்தில் பிரித்துப் பார்த்தேன்.
தெல்ஹ. அமிர்.
தெல்ஹ, உப்பு. அமிர், முதுகு.
உப்புமுதுகன்.
சுமந்து சுமந்து சட்டையில் வெள்ளை பூத்தவன்,
அல்லது அவன் அப்பன்,
அல்லது அந்தத் தெரு முழுக்கவே.
ஒரே ஒரு எழுத்து இந்தப் பக்கம் நகர்ந்ததும்
தலையிலிருந்து முடி இறங்கி
மூட்டை ஏறிவிட்டது.

இரண்டும் இலக்கணப்படி சரி.
அதுதான் எரிச்சல்.

என் குடும்பப் பெயர் ஸ்ட்ராவுட்நியெட்ஸே.
ஆணாயிருந்தால் ஸ்ட்ராவுட்நியெக்ஸ், வால் மட்டும் மாறும்.
ஓடைக்காரர் என்று பொருள்.
எங்கள் ஆட்கள் உழைத்த பண்ணையில் ஓடை கிடையாது.
பழைய வரைபடத்தைப் பணம் கட்டி வாங்கிப் பார்த்தேன்:
சதுப்பு, ஒரு காற்றாலை, மறுபடியும் சதுப்பு.
பண்ணையடிமைகளை விடுவித்த பிறகு
ஆளுக்கொரு குடும்பப் பெயர் வேண்டும் என்றார்களாம்.
மேஜை போட்டு ஜெர்மன் பேசும் குமாஸ்தா
காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்திருப்பான்.
கரடி, ஓநாய், பிர்ச் மரம் எல்லாம் கொடுத்துத் தீர்ந்து
மதியத்துக்கு மேல் எங்கள் ஆள் முன்னே வந்திருப்பான்,
தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.
வெளியே மழை.
கூரைத் தண்ணீர் முற்றத்தில் வழி கண்டு ஓடுகிறது.
குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தான். எழுதினான்.
அடுத்து, என்றான்.

மழை நான் போட்டது. பதிவேட்டில் மழை இல்லை.

நேற்று எல்லாம் உறைந்து கிடந்தது.
கடைசி நிறுத்தத்தில் கீழே இறங்கி நின்றிருந்தேன்.
செல்லோ பெட்டியோடு ஒரு பையன் ஓடிவந்தான்,
போனில் யாரிடமோ சண்டை.
பயணச்சீட்டைத் தேட இரண்டு கையும் வேண்டியிருந்தது அவனுக்கு;
பெட்டியை என் பக்கம் சாய்த்தான்.
பனிக்கட்டியில் அது வழுக்கப் பார்த்தது.
கழுத்தைப் பிடித்து நிறுத்தினேன்.
"குளிர் அதிகம் ஐயா, இது நிற்காது" என்றேன்.

சீட்டு கிடைத்தது.
பெட்டியை வாங்கிக்கொண்டு படியேறினான்.
என் கோட்டில் பெயர்ப்பட்டை இருந்தது,
பித்தளை, முழுப் பெயரும்.
ஏறும்போது பார்த்தானா, தெரியாது.